டாக்டர் டிம்ஸ் ‘ஒன் அண்ட் ஒன்லி’: உப்புநீர்த் தொட்டியில் 17 நாள்

கடல்மீன் தொட்டியில் மீன் விடுவதற்கு முன் அதைச் சைக்கிள் செய்ய, அதாவது மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவைக் குடியேற்ற, உதவும் பாட்டில் பாக்டீரியாக்களில், டாக்டர் டிம்ஸ் நிறுவனத்தின் ‘ஒன் அண்ட் ஒன்லி’ என்ற பொருளின் உப்புநீர் வகையை இந்தக் கோடையில் இரண்டு முறை பயன்படுத்தினேன். வெவ்வேறு கடைகளில் வாங்கிய இரண்டு பாட்டில்களில் முதலாவது பதினொரு நாளாகியும் தண்ணீரில் எந்த மாற்றத்தையும் காட்டவில்லை. இரண்டாவது 17 நாளில் தொட்டியை மீனுக்குத் தயாராக்கிவிட்டது. உள்ளே இருந்த பொருள் ஒன்றேதான் என்பதால், வேறுபாடு அவை கடையில் வைக்கப்பட்டிருந்த இடத்தில்தான் இருந்தது என்று நம்புகிறேன். பொருளை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தாராளமாக வாங்கலாம் என்பதே. ஆனால் அதைப் பால் வாங்குவதைப் போல, எங்கே எப்படி வைத்திருந்தார்கள் என்று பார்த்து வாங்க வேண்டும்.

என் தொட்டி மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்டது. கண்ணாடிக் கணக்கில் 190 லிட்டர் என்றாலும், கல்லும் மணலும் மேலே விடும் இடைவெளியும் போக உள்ளே நிற்பது ஏறத்தாழ 160 லிட்டர்தான். ஆர்ஓ தண்ணீரை, மீதமிருக்கும் உப்புகளையும் நீக்கும் ஒரு டிஐ குடுவை வழியாகச் செலுத்தி, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே அதில் கடலுப்பைக் கரைத்தேன். 160 லிட்டருக்கு ஆறு கிலோ அளவுக்கு உப்பு பிடித்தது, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் கடல்நீரின் அடர்த்தியான 1.025 வந்ததும் நிறுத்திக்கொண்டேன். வீட்டில் சமையலுக்கு வரும் ஆர்ஓ தண்ணீரே போதும் என்று சிலர் சொல்வதுண்டு. அதில் மீதமிருக்கும் உப்புகளும் சிலிக்காவும் பின்னால் பாசியாகத் திரும்பி வரும் என்பதால் அந்தச் சிக்கனத்தை நான் விரும்பவில்லை.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள், ‘இரண்டு நாள் ஃபில்டரை ஓடவிட்டு மீனை விட்டோம், ஒன்றும் ஆகவில்லையே’ என்று கேட்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் வெளிவரும் அம்மோனியா, தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அதிகக் கெடுதல் செய்யாத அம்மோனியம். மற்றொன்று செவுளைச் சுட்டுவிடும் அம்மோனியா வாயு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச் அளவும் வெப்பமும் முடிவு செய்கின்றன. பிஎச் 7-இல் இருக்கும் நன்னீரில் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஎச் 8.2-இல் இருக்கும் கடல்நீரில், நம் ஊர் வெப்பத்தில், அது பத்தில் ஒரு பங்கை நெருங்கிவிடும். அதாவது நன்னீரில் கோல்டு ஃபிஷ் தாங்கிக்கொண்ட அதே அளவு அம்மோனியா, உப்புநீரில் பத்து மடங்குக்கும் மேல் கொடியதாகிறது. நைட்ரைட் விஷயத்தில் இது தலைகீழ்: கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உடலுக்குள் நுழைவதைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. எனினும் நைட்ரைட் பூஜ்யத்துக்கு வரும்வரை சைக்கிள் முடிந்ததாகக் கொள்ள முடியாது. நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் இரண்டாம் வகை பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை என்பதற்கு அதுவே சான்று.

வெளிநாட்டவர் எழுதும் குறிப்புகளில் சைக்கிள் செய்ய எளிய வழியாகச் சொல்லப்படுவது லைவ் ராக், அதாவது கடலிலிருந்து ஈரம் காயாமல் எடுத்துவரும் பவளக் கல். அதன் துளைகளிலேயே வேண்டிய பாக்டீரியா எல்லாம் குடியிருக்கும். இந்தியாவில் அந்த வழி நமக்கு இல்லை, இருக்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் கடினப் பவளங்கள் சேர்க்கப்பட்டன. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த மன்னார் வளைகுடாப் பகுதி 1986-இலேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக அங்கே பவளப் பாறைகளை வெட்டி எடுத்ததன் வடு இன்றும் ஆறவில்லை. என் வரவேற்பறை அழகுக்காக அந்தக் கடலிலிருந்து ஒரு கல் பெயர்வதை நான் விரும்பவில்லை. இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் ஊரின் பெயரில் ‘மண்டபத்துக் கல்’ என்று யாரேனும் தாழ்ந்த குரலில் விலை சொன்னால் மறுத்துவிட்டு வருவதே முறை. எனவே நான் வைத்தது செராமிக் கல். சூளையில் சுட்ட கல்லில் ஓர் உயிரும் இருக்காது. பாக்டீரியாவை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் விலையும் எச்சரிக்கையும் ஒருங்கே புரியும். இந்தப் பொருளின் பின்னால் இருப்பவர் டிமத்தி ஹோவனெக் என்ற நுண்ணுயிரியல் அறிஞர். மீன்தொட்டிகளில் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது நைட்ரோபேக்டர் என்றுதான் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 1998-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் நன்னீர்த் தொட்டிகளின் ஃபில்டர்களை ஆராய்ந்து, அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைராவை ஒத்த வேறொரு வகை என்று காட்டினார்கள். தொட்டியில் இல்லாத உயிரைப் பாட்டிலில் அடைத்து விற்பதால் யாருக்கும் பயனில்லை என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. நன்னீருக்கும் உப்புநீருக்கும் இந்த நிறுவனம் தனித்தனிப் பாட்டில்களை விற்கிறது. இரண்டின் பெயரும் தோற்றமும் ஒன்றுபோல் இருப்பதால், வாங்கும்போது ஸ்டிக்கரை ஒருமுறைக்கு இருமுறை படித்துக்கொள்ள வேண்டும்.

இந்த உயிர்களின் இயல்பு ஒன்று கடைக்காரர்கள் பலருக்குத் தெரிவதில்லை. வயிற்று உபாதைக்கு மருந்துக் கடையில் வாங்கும் பாக்டீரியாக் குப்பிகளில் இருப்பவை பெரும்பாலும் பேசில்லஸ் இனத்தைச் சேர்ந்தவை. காலம் சரியில்லாதபோது தடித்த உறைக்குள் தூங்கும் வித்துகளாக மாறி, ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் உண்டு வாழும் பாக்டீரியாவுக்கு அந்த உறைகட்டும் வித்தை தெரியாது. சூடு ஏறினால் செத்துவிடும்; உறைந்தாலும் செத்துவிடும். வளர்ச்சியும் மிக மெதுவானது. குடலில் வாழும் சில பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகின்றன என்றால், இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோ தேவைப்படும். வெறும் தொட்டியில் தாமாக வந்து குடியேறிப் பெருக ஒரு மாதம், சில சமயம் ஆறு வாரம்கூட ஆவதற்குக் காரணம் இந்த மந்தம்தான். பாட்டில் செய்யும் உதவி, அந்தத் தொடக்கத்தை ஒன்றிரண்டு உயிரிலிருந்து அல்லாமல் பெருங்கூட்டத்திலிருந்து தொடங்கிவைப்பது. காலாவதித் தேதி இல்லாமல், எத்தனை ஆண்டு வெயிலில் கிடந்தாலும் வேலை செய்யும் என்று விற்கப்படும் இவ்வகை (நைட்ரிஃபையிங்) பாக்டீரியா எதையும் நான் நம்ப மாட்டேன்.

முதல் பாட்டிலை மே மாதக் கத்திரி வெயிலில் சென்னையில் ஒரு கடையில் வாங்கினேன். கடை எது என்பது இங்கே தேவையில்லை. எந்த ஊர்க் கடையிலும் நடக்கக்கூடியதுதான். வாசலை ஒட்டிய கண்ணாடி அலமாரியில், மேற்கு வெயில் நேராக விழும் தட்டில், மீன் உணவு டப்பாக்களுக்கு நடுவே அது நின்றிருந்தது. கையில் எடுத்தபோது வெதுவெதுப்பாக இருந்ததை உணர்ந்தேன், உணர்ந்தும் வாங்கினேன். கடையில் இருந்த இளைஞர், “இதை ஊத்திட்டு மூணு நாள் ஓடவிடுங்க சார், நாலாவது நாள் வந்து மீன் எடுத்துக்கிட்டுப் போங்க” என்று நல்ல மனத்துடன்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து, அம்மோனியாவை 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு ஏற்றி, பாட்டிலை நன்றாகக் குலுக்கி ஊற்றினேன். நான்காம் நாள் அம்மோனியா 2. ஏழாம் நாளும் 2. பதினொன்றாம் நாள் காலையிலும் சோதனைக் குழாயில் அதே அடர்ந்த பச்சை. நைட்ரைட் குழாயில் ஊதாவின் சாயல்கூட இல்லாத தெளிந்த நீலம், அதாவது பூஜ்யம். அந்த இளைஞரின் பேச்சைக் கேட்டு நான்காம் நாள் மீனை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை. அந்தத் தண்ணீரில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியபடி இரண்டு மூன்று நாளில் முடிந்திருக்கும்.

இந்தத் தோல்வியைப் பொருளின் கணக்கில் எழுதக் கூடாது. உயிருள்ள பொருளை வேகவைத்து விற்றால் அதைத் தயாரித்தவர் என்ன செய்ய முடியும்? இரண்டாவது பாட்டிலுக்காகச் சற்று அலைந்தேன். கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களில், பாக்டீரியா பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருப்பவர் யார் என்று மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு கடையில் பெரியவர் ஒருவர், மீனுக்குப் போடும் உறைந்த ஆர்ட்டீமியாவைத் தனிப்பெட்டியிலும் இந்தப் பாட்டிலைக் கீழ்த்தட்டிலும் வைத்திருந்தார். தேதியை அவரே விளக்கடியில் பிடித்துக் காட்டினார். வீட்டுக்குக் கொண்டுவர ஒரு சிறிய தெர்மகோல் பெட்டியும் தந்தார். உறையும் தட்டில் வைக்கப்பட்டிருந்தால் அதுவும் கேடுதான் என்பதால் அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்பது நல்லது.

பழைய தண்ணீரை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் புதிதாக உப்புக் கரைத்து நிரப்பினேன். கல்லையும் மணலையும் மாற்றவில்லை. ஆகவே முதல் பதினொரு நாளில் ஏதோ சில பாக்டீரியா அங்கே தாமாகக் குடியேறியிருக்கக்கூடும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அம்மோனியா இம்மியும் இறங்காத தொட்டியில் அந்தக் கூட்டம் பெரியதாக இருந்திருக்க வழியில்லை.

பாக்டீரியாவுக்கு உணவாக அம்மோனியா வேண்டும். நம் வீடுகளில் சொல்லப்படும் பழைய முறை, ஓர் உரித்த இறாலைத் தொட்டியில் போட்டு அழுகவிடுவது. அந்த முறை வேலை செய்யும். ஆனால் அறை முழுவதும் நாற்றமடிக்கும், அம்மோனியா எவ்வளவு ஏறும் என்பதும் நம் கையில் இருக்காது, அழுகலோடு பாஸ்பேட்டும் சேர்ந்துகொள்ளும். அதைவிடத் தூய்மையான வழி அம்மோனியம் குளோரைடு. இது வேறொன்றும் இல்லை, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பழுக்கச் சூடாக்கித் தேய்ப்பாரே, அந்த நவச்சாரம்தான். புகையோடு எழும் அந்தக் காரமான நெடியைச் சிறுவயதில் தெருவில் நுகர்ந்தவர்களுக்கு உடனே நினைவு வரும். பாத்திரக் கடைப் பக்கம் விற்கும் நவச்சாரத்தில் வேறு உலோகங்கள் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் அதைத் தொட்டியில் போடக் கூடாது. இதே நிறுவனம் தனியாக விற்கும் அம்மோனியம் குளோரைடு கரைசலையோ ஆய்வுக்கூடத் தரத்திலுள்ள தூளையோ பயன்படுத்தலாம். தூளாக எடுத்தால் 160 லிட்டர் தண்ணீரில் 2 பிபிஎம் அம்மோனியா கிடைக்க ஏறத்தாழ ஒரே ஒரு கிராம் போதும். இத்தனை சிறிய அளவு என்பதால், சமையலறைத் தராசை நம்பாமல் பாதியைக் கரைத்து ஊற்றி, அளந்து பார்த்துவிட்டு மீதியை ஊற்றினேன்.

நிறுவனத்தின் செய்முறைக் குறிப்பு சுருக்கமானது, பின்பற்றவும் எளிது. அம்மோனியாவோ நைட்ரைட்டோ 5 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது. இரண்டும் தாழ்ந்த பிறகே அடுத்த வேளை அம்மோனியாவை இட வேண்டும். நுண்ணுயிர்களைக் கொல்லும் யூவி விளக்கையும், நுரையோடு கழிவை வெளியேற்றும் ஸ்கிம்மரையும் தொடக்கத்தில் நிறுத்திவைக்க வேண்டும். 2 பிபிஎம் அம்மோனியாவை இட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் சைக்கிள் முடிந்தது. தொட்டி விளக்கையும் நான் அணைத்தே வைத்திருந்தேன். வெளிச்சத்தால் பாக்டீரியாவுக்குப் பயனில்லை, பாசிக்குத்தான் பயன்.

இரண்டாவது முயற்சியில் மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குச் சன்னல் வெளிச்சத்தில் குழாயை வெள்ளைத் தாளின்மேல் பிடித்தபோது, அம்மோனியாவின் பச்சை ஒரு படி வெளுத்திருந்தது. 1 என்று சொல்லலாம். நைட்ரைட் குழாயில் சொட்டு விழுந்ததும் அடியிலிருந்து ஊதா நிறம் புகைபோல் சுழன்று மேலேறியது. முதல் முயற்சியில் பதினொரு நாளும் நீலத்தையே பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்த ஊதா தந்த மகிழ்ச்சி சிறிதல்ல. ஐந்தாம் நாள் அம்மோனியா 0.25-க்கு வந்துவிட்டது. நைட்ரைட் மட்டும் அட்டையில் உள்ள கடைசி நிறமான 5-ஐத் தொட்டு நின்றது.

இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய்த் தண்ணீரை மாற்றுகிறார்கள், அல்லது பாட்டில் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் இது கணக்குப்படி நடப்பதே. ஒரு பங்கு அம்மோனியா ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு நைட்ரைட் ஆகும்போது எடையில் ஏறத்தாழ 2.7 பங்காகிறது. ஆகவே 2 பிபிஎம் அம்மோனியா முழுவதும் மாறினால் நைட்ரைட் 5.4 ஆகும். இரண்டாம் வகை பாக்டீரியா வேலையைத் தொடங்கும் முன், அவசரப்பட்டு இன்னொரு வேளை அம்மோனியாவை இட்டால் நைட்ரைட் 10-ஐத் தாண்டிவிடும். அட்டை 5-க்கு மேல் காட்டாததால் நமக்கு அது தெரியவும் தெரியாது. இந்தச் சந்தேகம் வரும்போது தொட்டி நீரோடு சம அளவு ஆர்ஓ நீரைக் கலந்து சோதித்து, வந்த விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் பார்த்தேன். 5 என்பது ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. ஏழு நாள் எதையும் இடாமல் காத்திருந்தேன். ஒன்பதாம் நாள் 2, பன்னிரண்டாம் நாள் பூஜ்யம்.

அன்றே இரண்டாம் வேளை அம்மோனியாவை 2 அளவுக்கு இட்டேன். மறுநாள் அம்மோனியா முற்றிலும் மறைந்துவிட்டது, நைட்ரைட் 1. பதினைந்தாம் நாள் நைட்ரைட்டும் பூஜ்யம். பதினாறாம் நாள் காலை மூன்றாம் வேளை. பதினேழாம் நாள் அதே நேரத்தில் ஒரு குழாய் மஞ்சள், மற்றொன்று நீலம். இரண்டும் பூஜ்யம். முதலில் இறங்குவது அம்மோனியா, பிந்தி வருவது நைட்ரைட் என்ற வரிசையை இவ்வளவு தெளிவாகக் கண்முன்னே காட்டியதற்காகவே இந்தப் பொருளை மதிக்கிறேன்.

தண்ணீரின் வெப்பம் இந்த நாள்களில் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது; இந்த பாக்டீரியாவுக்கு அது உகந்த வெப்பம்தான். சிக்கல் ஆக்சிஜனில் இருக்கிறது. சூடான உப்புநீர் ஒரு லிட்டரில் ஆறு மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அம்மோனியாவில் உள்ள ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனையும் நைட்ரேட் வரை கொண்டுசெல்ல நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது. தேங்கி நிற்கும் தொட்டியில் எத்தனை நல்ல பாட்டிலை ஊற்றினாலும் அது மூச்சுத் திணறும். நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட் மோட்டார் ஒன்றைத் தண்ணீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி திருப்பி வைத்திருந்தேன். கோடை மின்வெட்டை நினைத்து, பேட்டரியில் ஓடும் சிறிய காற்று மோட்டார் ஒன்றும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு முறை அது கைகொடுத்தது. மின்விசிறிக் காற்றில் நாள்தோறும் தண்ணீர் ஆவியாகும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை ஈடுகட்ட உப்புக் கலக்காத ஆர்ஓ நீரையே ஊற்ற வேண்டும். இதில் தவறி உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தவர்களின் தொட்டிகள் ஒரு மாதத்தில் ஊறுகாய் ஜாடி ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டிலில் சொல்லப்படாத ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் நைட்ரிஃபிகேஷன் நடக்கும்போது தண்ணீரின் காரத்தன்மை கரைந்துபோகிறது. நான் மூன்று வேளையாக இட்ட 6 பிபிஎம் அம்மோனியாவுக்கு, தொடக்கத்தில் 8 டிகேஎச் (காரத்தன்மையை, அதாவது கேஎச்சை, அளக்கும் அலகு) ஆக இருந்த அளவு 6-க்கு இறங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதே இரண்டு டிகேஎச்தான் வருகிறது. இதைக் கவனியாமல் விட்டால் பிஎச் சரிந்து, பாக்டீரியாவின் வேலையே மந்தமாகும். ‘பாட்டில் பாதியில் நின்றுவிட்டது’ என்று சொல்பவர்கள் கேஎச் சோதனையை ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

சோதனைக் கிட் பற்றியும் ஒரு சொல். ஏபிஐ நிறுவனத்தின் உப்புநீர்க் கிட்டைப் பயன்படுத்தினேன். சைக்கிள் பார்க்க அது போதுமானது. இரவில் மஞ்சள் விளக்கடியில் அம்மோனியாக் குழாயைப் பார்த்தால் பூஜ்யத்தின் மஞ்சளுக்கும் 0.25-இன் இளம்பச்சைக்கும் வேறுபாடு தெரியாது. பகல் வெளிச்சத்திலேயே பார்க்க வேண்டும். நைட்ரேட் சோதனையின் இரண்டாம் பாட்டிலை அரை நிமிடம் பலமாகக் குலுக்காவிட்டால் அடியில் தங்கிய பொடி கலக்காமல் போய், நைட்ரேட் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதைவிடப் பெரிய ஏமாற்றம், நைட்ரைட் தண்ணீரில் இருக்கும்போது நைட்ரேட்டைச் சோதிப்பது. அந்தச் சோதனை நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கிறது; ஆகவே ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டையும் சேர்த்து எண்ணிவிடும். ஐந்தாம் நாள் என் நைட்ரேட் குழாய் இரத்தச் சிவப்பாக இருந்தது பொய். பதினேழாம் நாள் காட்டிய 20 என்பதே மெய். 6 பிபிஎம் அம்மோனியாவிலிருந்து வர வேண்டிய நைட்ரேட்டும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

பாட்டில் செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் முடிந்த வாரமே மணல்மேல் காப்பிப் பொடி தூவியதைப் போலப் டயாட்டம் என்ற பழுப்புநிற நுண்பாசி படர்ந்தது. புதிய தொட்டி எல்லாவற்றிலும் அது வரும், மூன்று வாரத்தில் தானே மறைந்தது. மீனுக்கு வரும் வெண்புள்ளி நோயை இது தடுக்காது. அதற்குத் தனித்தொட்டியில் வைத்துக் கண்காணிப்பது ஒன்றே வழி. ஊற்றிய அன்றே மீன் விடலாம் என்று இவ்வகைப் பொருள்களைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. பாட்டில் உயிரோடு இருந்தால் அது நடக்கக்கூடும். உயிரோடு இருக்கிறதா என்பது ஊற்றி மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அந்த மூன்று நாளின் ஆபத்தை மீனின் தலையில் ஏன் சுமத்த வேண்டும்? விலை மலிவான டாம்செல் மீன்களை விட்டு, பிழைத்தால் தொட்டி தயார், செத்தால் இன்னும் இல்லை என்று பார்க்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. நவச்சாரம் ஒரு கிராமில் முடியும் வேலைக்கு ஓர் உயிரைப் பணயம் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

விலையைப் பொறுத்தவரை இறக்குமதிப் பொருள் என்பதால் கடைக்குக் கடை, சரக்குக்குச் சரக்கு மாறுகிறது. மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆறு வாரம் காத்திருக்க மனமும், இறால் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் குடும்பமும் உள்ளவர்களுக்கு இது கட்டாயத் தேவையில்லை. பாக்டீரியா எப்படியும் வந்து சேரும். லைவ் ராக் இல்லாமல், காய்ந்த கல்லோடு தொடங்குபவர்களுக்கும் நாள்தோறும் அளந்து குறித்துவைக்கும் பொறுமை உள்ளவர்களுக்கும் கொடுத்த விலைக்குத் தகும். தொட்டியின் அளவுக்குப் பொருந்தும் பாட்டிலையே வாங்கி, ஒரே முறையில் முழுவதும் ஊற்றிவிட வேண்டும். பாதியைப் பின்னாளுக்கு என்று மூடிவைப்பது வீண். திறந்த பாட்டிலில் உள்ளவை எத்தனை நாள் பிழைக்கும் என்று யார் கண்டார்கள்?

பதினெட்டாம் நாள் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றினேன். நைட்ரேட் 10-க்கு வந்தது, கேஎச் 7-க்கு ஏறியது. மறுநாள் கோமாளி மீன் இரண்டு வந்தன. கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமல் குஞ்சுபொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நம் மண்டபத்திலேயே செய்து காட்டியிருக்கிறது. ஆகவே வளர்ப்பு மீன்தானா என்று கேட்டு, உறுதி செய்துகொண்ட பிறகே வாங்கினேன். விட்ட அன்று இரவும் அடுத்த ஆறு நாள் காலையும் அம்மோனியாவைச் சோதித்தேன். எல்லா நாளும் மஞ்சள்தான். உருளைக்கிழங்குச் சிப்ஸ் அளவுள்ள அந்த இரண்டு மீன்கள் தரும் கழிவு, நான் இட்டுவந்த 2 பிபிஎம்மில் சிறு பங்கே. ஆகவே இன்னும் இரண்டு சிறிய மீன்களுக்குத் தொட்டியில் இடமிருக்கிறது. ஆனால் உணவு குறைந்த இடத்தில் பாக்டீரியாக் கூட்டமும் தன்னைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், ஒன்றை விட்டு இரண்டு வாரம் அளந்து பார்த்த பிறகே மற்றதை விடப் போகிறேன்.